நினைவு தடுமாறியோர் அருகில்: செவிலியர் உதவியாளரின் பணியும் ஆயரின் பணியும்

முதுமையில் நினைவு தடுமாறிய ஒருவரைக் காணச் செல்லும் ஆயர் பெரும்பாலும் பத்து நிமிடங்களில் எழுந்துவிடுகிறார். ஒரு சங்கீதத்தை வாசிக்கிறார், தலைமேல் கைவைத்துச் செபிக்கிறார், வீட்டாரிடம் இரண்டு ஆறுதல் மொழிகள் கூறிப் புறப்படுகிறார். எஞ்சிய இருபத்துமூன்று மணி ஐம்பது நிமிடங்களும் அம்முதியவரின் அருகில் இருப்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பல வீடுகளில் அவர் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். முதியோர் இல்லங்களிலும் வசதியுள்ள வீடுகளிலும் அவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட செவிலியர் உதவியாளராயிருப்பார். ஊரில் அவரை 'ஹோம் நர்ஸ்' என்கிறார்கள், சில இடங்களில் 'ஆயா' என்றே அழைக்கிறார்கள். ஆயர் வரும்போது அவர் எழுந்து மூலையில் ஒதுங்கி நிற்பார். செபம் முடிந்ததும் காப்பி கொண்டுவருவார். அவர் செய்யும் பணி யாது, அதிலிருந்து திருப்பணியாளராகிய நாம் கற்க வேண்டியது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை எழுதும் தகுதி நமக்கு வந்தது நமது தவறுகளின் வழியாகவே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். அத்தவறுகளுள் இரண்டைக் கீழே கூறுவோம்.

முதலில் நோயைப்பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று நம்மவர் கூறுவர். ஈழத்துத் தமிழர் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். இரண்டு சொல்லாட்சிகளும் இதனை முதுமையின் இயல்பான விளைவாகவே கொள்கின்றன. அது சரியன்று. முதுமையில் பெயர்கள் நினைவுக்கு வரத் தாமதிப்பது இயல்பே. ஆனால் மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது வேறு, அது எதற்கு உதவும் பொருள் என்பதையே மறப்பது வேறு. பின்னது மூளையில் ஏற்படும் நோயினால் வருவது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் ஒரு தனி நோயன்று, பல நோய்களின் விளைவாகத் தோன்றும் நிலை. அவற்றுள் பெரும்பான்மையானது, அதாவது நூற்றுக்கு 60 முதல் 70 வரை, அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவதும் நம்மிடையே குறைவன்று.

அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பிராங்க்பர்ட் நகர மனநல விடுதியில் 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஆகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்ணைச் சந்தித்தார். அப்பெண்ணிடம் அவர் கேட்ட எளிய கேள்விகளும் அவள் கூறிய விடைகளும் இன்றும் உள்ளன. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அக்குறிப்பேடு 1995இல் அந்நகரிலேயே மீண்டும் கிடைத்தது. தன் பெயரை எழுதச் சொன்னபோது அவளால் எழுதி முடிக்க இயலவில்லை. தன்னைத் தானே தொலைத்துவிட்டதாக அவள் சொன்னாள் என்றும் குறிப்பு உண்டு. அவள் 1906 ஏப்பிரலில் இறந்தாள். அவளது மூளையை ஆராய்ந்து கண்டதை அல்சைமர் அவ்வாண்டு நவம்பரில் தூபிங்கன் நகரில் எடுத்துரைத்தார். தூபிங்கன் என்றதும் இறையியல் மாணவருக்கு வேறு பெயர்கள் நினைவுக்கு வரும். இந்தப் பெயரும் அவற்றோடு சேரட்டும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரிடையே நடந்த விரிவான ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. அதன்படி அவ்வயதினருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், இந்நிலையில் உள்ளனர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி. நமது சபைப் பட்டியலில் அறுபதைக் கடந்தோர் நூறு பேர் இருப்பார்களானால் ஏழெட்டுப் பேரை நாம் தேட வேண்டும். ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள் என்று நாம் குறித்து வைத்திருப்போரிடையே அவர்கள் இருக்கக்கூடும்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. நினைவைச் சிறிது காலம் தாங்கிப்பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. நோயின் தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் ஊசி மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆனால் நோய் முற்றியவர்களுக்கு அது உரியதன்று. ஆதலால் இந்நோயில் சிகிச்சையின் பெரும்பகுதி பராமரிப்பேயாகும். மருத்துவர் மாதம் ஒருமுறை காண்கிறார். செவிலியர் நாளுக்கு ஒருமுறை காண்கிறார். குளிப்பாட்டுபவரும் ஊட்டுபவரும் துடைப்பவரும் உதவியாளரே.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை நமது வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். புத்தித் தடுமாற்றம் எல்லாம் மறதி நோயன்று. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. சில மணிகளில் அல்லது ஓரிரு நாட்களில் திடீரென்று தோன்றி, காலையில் தெளிந்து மாலையில் முற்றி, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த இயலாதபடி செய்வது சன்னி நிலை. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், இரத்தத்தில் உப்புக் குறைதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, நிமோனியா என இதற்குக் காரணங்கள் பல. மறதி நோய் உள்ளவருக்கே இது எளிதில் வருகிறது. ஆகவே வீட்டார் 'நோய் முற்றிவிட்டது' என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறார்கள். சன்னி மருத்துவ அவசரம். உரிய காலத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளியும், காலம் தாழ்த்தினால் உயிரிழப்பில் முடியலாம். இதில் இன்னொரு வகையும் உண்டு. நோயாளி கூச்சலிடாமல், எதிலும் நாட்டமின்றி அரைத்தூக்கத்தில் கிடப்பார். 'இன்று அமைதியாக இருக்கிறார்' என்று நாம் மகிழ்வோம். அதுவே அதிக ஆபத்தானது.

நாம் ஆயராகப் பணியாற்றிய ஓர் ஊரில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். இரண்டாண்டுகளாகச் சிறிது மறதி. ஒரு சனிக்கிழமை இரவு அவருடைய மகன் ஓடிவந்து, அப்பா சுவரில் பூச்சிகளைப் பிடிக்கிறார், பெயர் தெரியாதவர்களுடன் பேசுகிறார், பேய் பிடித்திருக்கிறது போலும், வந்து செபியுங்கள் என்று அழைத்தார். நாமும் திருமறையை எடுத்துக்கொண்டு சென்றோம். செபத்திற்காகக் கண்களை மூடப் போகும் நேரத்தில், அவரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டிருந்த உதவியாள் வாசலருகில் நின்று, "ஐயா, ஒண்ணு சொல்லலாமா? வியாழக்கிழமை வரைக்கும் இவர் இப்படி இல்ல. நேத்து காலையில இருந்து ஒண்ணுக்குப் போகவே இல்ல. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத அவர் கூறிய மூன்று வாக்கியங்களில் எப்போது தொடங்கியது, என்ன மாறியது, எங்கே தேட வேண்டும் என்ற மூன்றும் இருந்தன. மருத்துவமனையில் குழாய் செருகி அடைபட்டிருந்த நீரை வெளியேற்றினார்கள். தொற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் உபதேசியார் தம் பழைய மறதியோடு வீடு திரும்பினார், பூச்சிகள் போய்விட்டன. அந்த இரவில் நாம் நீண்ட செபம் செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் அச்சமாயிருக்கிறது. செபத்தைக் குறைத்து மதிப்பிடுவது நமது கருத்தன்று. நோயாளியை நேற்றும் இன்றும் பார்த்தவரிடம் கேட்ட பின்னரே கண்களை மூட வேண்டும் என்கிறோம்.

உதவியாளரின் அன்றாட வேலையை இனிச் சற்று நெருங்கிப் பார்ப்போம். குளிப்பாட்டுதலை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் குளியல் என்றால் தலையில் செம்பு செம்பாக நீரை ஊற்றுவது. மறதி நோயுற்றவருக்கு அது தாக்குதலாகவே தோன்றுகிறது. யாரோ ஒருவர் ஆடையைக் களைகிறார், முகத்தில் நீர் வந்து விழுகிறது, மூச்சு முட்டுகிறது. அவர் அடிக்கிறார், கடிக்கிறார். வீட்டார் 'முரடாகிவிட்டார்' என்கிறார்கள். தேர்ந்த உதவியாளர் என்ன செய்கிறார்? அவரை நாற்காலியில் அமர்த்தி, தோளின்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, வெந்நீரின் சூட்டைத் தம் முழங்கையில் பார்த்து, முதலில் பாதத்தில் ஊற்றுகிறார். பாதத்திலிருந்து மெல்ல மேலே வருகிறார். துண்டு விலகாமல் அதன் கீழேயே துடைக்கிறார். தலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார், மறுத்தால் அன்று விட்டுவிடுகிறார். ஒவ்வொரு செயலுக்கும் முன் சொல்கிறார்: "இப்ப கையைக் கழுவப் போறேன்." ஒரு நேரத்தில் ஒரு சொற்றொடர் மட்டுமே. சொன்னபின் காத்திருக்கிறார். நோயுற்ற மூளை அதனை வாங்கிக்கொள்ளச் சில கணங்கள் பிடிக்கும். நமது ஊழியத்தில் நாம் மிகக் குறைவாகச் செய்வது இந்தக் காத்திருத்தல் என்று தோன்றுகிறது.

குளிப்பாட்டும் நேரமே உடலைப் பார்க்கும் நேரமுமாகும். இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பெலும்பின் பக்கங்கள் ஆகிய இடங்களில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது வழக்கமான விதி. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்டுகிறவர் யார் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

உணவில் அடங்கியுள்ள அறிவும் சிறியதன்று. வெள்ளைத் தட்டில் வைத்த வெள்ளை இட்டிலி பலருக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே 'சாப்பிட மறுக்கிறார்' என்பது சில வேளைகளில் 'பார்க்கவில்லை' என்பதே. தட்டின் நிறத்தை மாற்றினால் கை நீளுகிறது. ஐந்து வகைக் கறிகளை ஒருங்கே வைத்தால் எதை எடுப்பது என்று திகைப்பார், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் உண்பார். படுத்த நிலையில் ஊட்டலாகாது. நேராக அமர்த்தி, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, சிறு கவளமாக, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து அடுத்ததைத் தர வேண்டும். ரசத்தில் மிதக்கும் சோறு நீரும் திடமும் கலந்ததாகையால் விழுங்கக் கடினம், குழைய மசித்த தயிர்ச் சோறு எளிது. உணவு முடிந்தபின் கன்னத்தின் உட்புறம் பருக்கை தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கியது பின்னர் மூச்சுக் குழலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். இவ்வாறு ஒருவேளை உணவூட்ட முக்கால் மணி நேரமாகும். இல்லம் ஒன்றில் ஓர் உதவியாளருக்குப் பன்னிரண்டு பேரை ஒப்படைத்துவிட்டு அவர் விரைந்து ஊட்டுகிறார் என்று குறைகூறுவது நீதியன்று.

மாலையில் இத்தகையோருக்குக் கலக்கம் மிகும். வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும்போது 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று எழுவார்கள், தாம் இருப்பது தம் வீடேயானாலும். அனுபவமுள்ளவர்கள் பொழுது சாயுமுன்னரே விளக்கேற்றிவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரியும் முகத்தை அந்நியர் என்று எண்ணி அஞ்சுவோருக்காகக் கண்ணாடியைத் துணியால் மூடுகிறார்கள். ஆடையின் நுனியைப் பிசைவதும் நிலைகொள்ளாமல் நடப்பதும் கழிப்பறை தேடுவதன் அடையாளம் என்று அறிந்திருக்கிறார்கள். புரட்டும்போது புருவம் சுருங்கினால், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் தம் முகத்தால் சொல்கிறார் என்று அறிந்திருக்கிறார்கள். காதுக் கருவியின் மின்கலம் தீர்ந்துபோனதால் 'புத்தி போய்விட்டது' என்று கருதப்பட்டவர்களும் உண்டு.

இனி நமது முதல் தவறு. திருச்சபை நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். கணவரும் ஆசிரியர், இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாம் சென்றபோது அவர் வாசலையே பார்த்துக்கொண்டு, "சார் இன்னும் ஸ்கூல்ல இருந்து வரலையே, ஐயர்வாள் வழியில பாத்தீங்களா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்வதே ஆயரின் கடமை என்று கருதி, "அம்மா, சார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல ஆண்டுகள் ஆயிற்றே" என்றோம். அவர் முகம் இடிந்தது. அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டவர்போல் மார்பிலடித்து அழுதார். தமக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். நாம் உயிர்த்தெழுதலைப்பற்றிப் பேசினோம். அரைமணி கழித்து அழுகை ஓய்ந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் வாசலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். செய்தி மறந்துவிட்டது, ஆனால் துயரம் மறையவில்லை. காரணம் தெரியாமலே அன்று இரவு முழுவதும் அவர் அழுததாகப் பின்னர் அறிந்தோம். நிகழ்ச்சி மறந்தாலும் அது எழுப்பிய உணர்வு தங்கும் என்பதை ஆய்வாளர்களும் உறுதிசெய்துள்ளனர்.

இரண்டாம் முறை கேட்டபோது நாம் வாய்திறக்குமுன் அங்கிருந்த உதவியாள் குறுக்கிட்டார். அவர் அருகில் முழந்தாளிட்டு, கையைப் பிடித்து, "டீச்சரம்மா, சார் மேல உங்களுக்கு ரொம்பப் பிரியம் இல்ல? சார் எந்தப் பாடம் எடுப்பாங்க?" என்றார். கணக்கு என்றார் ஆசிரியை. பிறகு கால்மணி நேரம் கணக்கும், மிதிவண்டியும், சார் வாங்கிவரும் அல்வாவும் பேச்சாயின. வாசல் மறந்துபோயிற்று.

இது பொய்யா? இறையியல் மாணவர்கள் இக்கேள்வியை எழுப்புவது முறையே. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச் சான்று சொல்லலாகாது என்னும் கற்பனை நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்த உதவியாள் கூறியவற்றுள் பொய்யான சொல் ஒன்றேனும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சார் வருவார் என்று அவர் சொல்லவில்லை, இறந்தார் என்றும் சொல்லவில்லை. கேள்வியின் அடியில் இருந்த ஏக்கத்துக்கு விடையளித்தார். அமெரிக்காவில் நயோமி பெய்ல் என்பவர் 1963க்கும் 1980க்கும் இடையில் இம்முறையை வளர்த்து அதற்கு ஒரு பெயரும் இட்டார். அவர் பெற்றோர் பணியாற்றிய முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். நமது உதவியாள் அப்பெயரைக் கேட்டதில்லை. எல்லா வேளைகளிலும் இவ்வழி போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நோயின் தொடக்கத்தில் தெளிவோடு உண்மையைக் கேட்பவருக்கு உண்மையையே சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா, ஆறுதலுக்காகக் கேட்கிறாரா என்று பிரித்தறிவதற்கு அவரை நாள்தோறும் அறிந்திருக்க வேண்டும்.

தாம் கிட்வுட் என்னும் ஆங்கிலேயர் இளமையில் ஆங்கிலிக்கன் குருவாகத் திருநிலைபெற்று, பின்னர் பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளராய் விளங்கியவர். 1997இல் அவர் வெளியிட்ட நூல் மறதி நோயைப்பற்றிய சிந்தனையைத் திருப்பிப்போட்டது. நோயாளியைக் கெடுப்பது மூளையின் சேதம் மட்டுமன்று, சுற்றியிருப்போர் அவரை நடத்தும் முறையும் அவரைக் கெடுக்கிறது என்றார் அவர். குழந்தைபோல் கொஞ்சுவது, அவரெதிரே அவரைப்பற்றி மூன்றாம் மனிதரைப்போல் பேசுவது, அவசரப்படுத்துவது, ஏமாற்றுவது, ஒதுக்குவது ஆகியவற்றை அவர் பட்டியலிட்டார். பட்டியலை வாசித்தபோது நமது நோயாளர் சந்திப்புகள் பல நம் கண்முன் வந்தன. கட்டிலின் ஒரு பக்கம் நாம், மறுபக்கம் மகன், நடுவில் படுத்திருப்பவருக்கு மேலாக உரையாடல்! ஸ்காட்லாந்தின் ஜான் ஸ்விண்டன் 2012இல் எழுதிய நூலில் இதனை இறையியலாய் விரித்தார். அவர் இறையியல் பேராசிரியராகுமுன் மனநலச் செவிலியராயிருந்தவர். ஒருவர் யார் என்பது அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதைச் சார்ந்ததன்று, கடவுள் அவரை நினைவில் வைத்திருக்கிறார் என்பதைச் சார்ந்தது என்பது அவரது கருத்தின் சாரம். மறந்துபோன மனிதனைத் தாங்குகிறவர் கடவுள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்நினைவு கைகால் கொண்டு வர வேண்டியிருக்கிறது. பிள்ளைப்பேறு முதல் நரைமயிர் வரை சுமப்பதைப்பற்றி ஏசாயா 46 பேசுவதை, எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிய பின் வாசித்தால் அதன் பொருள் கனக்கிறது.

கட்டிப்போடுவதைப்பற்றி ஒரு சொல். நாம் பார்த்த வீடுகளில் பழஞ்சேலையால் கையைக் கட்டிலோடு கட்டியிருந்ததும் உண்டு, அறையைப் பூட்டியிருந்ததும் உண்டு. அன்பில்லாமல் செய்தார்கள் என்று கூற மாட்டோம், இரவெல்லாம் விழித்துக் களைத்தவர்கள் வேறு வழி அறியாமல் செய்தார்கள். எனினும் கட்டப்பட்டவர் போராடி விழுந்து எலும்பை முறித்துக்கொள்கிறார், கலக்கம் மிகுகிறது, புண் வருகிறது. மாத்திரையால் கட்டுவதும் உண்டு. கலக்கத்தை அடக்கத் தரும் மனநோய் மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரில் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இல் எச்சரித்தது. அவை சிலருக்குத் தேவைப்படலாம், ஆனால் மருத்துவரின் மேற்பார்வையின்றி 'தூங்க வைக்க' அவற்றைத் தருவது தவறு. அந்நாட்டில் 1987இல் இயற்றப்பட்ட சட்டம், பணியாளரின் வசதிக்காக முதியோரைக் கட்டுவதைத் தடைசெய்ததோடு, செவிலியர் உதவியாளர் ஒவ்வொருவரும் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுத வேண்டும் என்றது. 75 மணி நேரம் போதாது என்பாரும் அங்கே உளர். நமது இல்லங்கள் பலவற்றில் முதல் நாள் காலை ஒரு வாளியும் துணியும் கொடுத்து அறையைக் காட்டுவதே பயிற்சி.

இரண்டாவது தவறு இன்னும் கடினமானது. நமது சபையைச் சேர்ந்த வசதியுள்ள குடும்பம் ஒன்றில் மூதாட்டியைக் கவனிக்க ஓர் உதவியாள் இருந்தார், அருகிலுள்ள சேரியிலிருந்து வருபவர், நமது சபையார்தாம். ஒரு நாள் மூதாட்டி தம் வளையல்கள் இரண்டையும் அவர் திருடிவிட்டதாகக் கூறினார். பொருளை எங்கோ வைத்து மறந்து, அருகிலிருப்பவர் எடுத்தார் என்று நம்புவது இந்நோயின் மிகப் பொதுவான அறிகுறி. மறந்த இடைவெளியை மனம் எதையேனும் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. அதனை நாம் அப்போது அறியோம். வீட்டார் நம்மை அழைத்தனர். நாம் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, எடுத்திருந்தால் ஒப்புக்கொள்ளும்படி 'அன்போடு' அறிவுரை கூறினோம். அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார், அம்மாதச் சம்பளமும் கொடுக்கப்படவில்லை. ஏழு வாரங்களுக்குப் பின் வளையல்கள் அரிசிப் பானையின் அடியில் கிடைத்தன. அவர் வேறு சாதியினராய், வேறு தெருவினராய் இருந்திருந்தால் நாம் அவ்வளவு விரைவில் நம்பியிருப்போமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். விடை நமக்குத் தெரியும். அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். குடும்பத்தாரிடம் பேசிச் சம்பளத்தை வாங்கிக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயர் கெட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே பெயரை மீட்டுத் தர வேண்டும் என்று அவர் கேட்டார். அதற்குச் சபைக் குழு இணங்கவில்லை. நாமும் வலியுறுத்தத் துணியவில்லை. அவர் இப்போது வேறோர் ஊரில் இதே வேலை செய்கிறார்.

மலமும் சிறுநீரும் துடைக்கும் வேலையை எந்தெந்த மக்களுக்கு நமது சமுதாயம் ஒதுக்கிவைத்திருக்கிறது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருச்சபை இல்லங்களும் விதிவிலக்கல்ல. பாதம் கழுவும் சடங்கைப் பெரிய வியாழனன்று செய்கிறோம், ஏற்கெனவே கழுவிக்கொண்டு வந்த பாதங்களை. இரவும் பகலும் வீட்டிலேயே தங்கி வேலைசெய்யும் உதவியாளருக்கு வார விடுமுறை உண்டா, ஞாயிறு ஆராதனைக்கு வர இயலுமா, தூங்க இடமுண்டா என்று கேட்பதும் மேய்ப்புப் பணியே.

திருவிருந்தைப்பற்றியும் பேச வேண்டும். தன்னைச் சோதித்தறிய இயலாதவருக்குத் திருவிருந்து கொடுக்கலாமா என்று ஆயர்கள் தயங்குகின்றனர். 1 கொரிந்தியர் 11ஐ எடுத்துக்காட்டுகின்றனர். அப்பகுதியின் சூழலை நோக்கினால், செல்வர் முன்னதாகவே உண்டு முடித்து ஏழைகளைப் பசியோடு விட்ட சபைக்குப் பவுலடியார் எழுதினார் என்பது விளங்கும். சரீரத்தை நிதானித்து அறியாதவர் என்று அவர் கண்டித்தது அறிவு மங்கியவரை அன்று, அருகிலிருந்த சகோதரரைக் காணாதவரை. ஒன்றும் அறியாக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் நாம், எழுபது ஆண்டுகள் பந்தியில் அமர்ந்த ஒருவரை அறிவின்மை காரணமாக விலக்குவது பொருந்தாது. எனவே நாம் கொடுக்கிறோம். ஆனால் முதலில் உதவியாளரிடம் விழுங்கும் திறனைப்பற்றிக் கேட்டறிகிறோம். நேராக அமர்த்துகிறோம். உலர்ந்த அப்பத் துண்டு தொண்டையில் ஒட்டும், ஆகையால் மிகச் சிறு துணுக்கை இரசத்தில் நனைத்துத் தருகிறோம். விழுங்க இயலாதவர்க்கு உதட்டில் ஒரு துளி போதும். நூலிலிருந்து வாசிக்கும்போது அவர் இளமையில் மனனம் செய்த பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்க வேண்டும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு நமக்கு எவ்வளவு தெளிவாயிருப்பினும் அது அவர் செவிக்கு அந்நியமே. கீர்த்தனைகளும் அப்படியே. மகன் பெயரை மறந்தவர் நான்கு சரணங்களையும் பாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். பாடலின் நினைவு மூளையில் நெடுநாள் எஞ்சியிருக்கிறது.

நோயின் கடைசிக் கட்டத்தில் உணவு குறையும்போது மூக்கு வழியாகக் குழாய் செருகலாமா என்று வீட்டார் ஆயரைக் கேட்பதுண்டு. முடிவெடுப்பது நமது வேலையன்று, மருத்துவரோடு அமர்ந்து பேசச் செய்வதே நமது வேலை. ஆனால் முற்றிய மறதி நோயில் அக்குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்றில்லை என்பதையும், பொறுமையோடு கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ வல்லுநர் பரிந்துரைக்கின்றனர் என்பதையும் நாம் அறிந்திருந்தால், 'பட்டினி போட்டுவிட்டோம்' என்ற குற்றவுணர்விலிருந்து ஒரு மகளையேனும் விடுவிக்கலாம்.

நமது கல்லூரி மாணவர் களப்பயிற்சிக்கு முதியோர் இல்லம் செல்லும்போது, முதல் வாரம் அவர்கள் செபம் நடத்தவோ செய்தி கொடுக்கவோ வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். காலை ஆறு மணிக்கு ஓர் உதவியாளரிடம் சென்று, "அக்கா, இன்று நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்க வேண்டும். சென்ற ஆண்டு அவ்வாறு சென்ற மாணவர் ஒருவர் மூன்றாம் நாள் நம்மிடம் வந்து, ஒரு பெரியவருக்கு இட்டிலி ஊட்ட ஐம்பது நிமிடம் ஆயிற்று, இரண்டுதான் உண்டார், அதற்குள் அக்கா மூன்று பேரைக் குளிப்பாட்டிவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார். இரண்டு இட்டிலியையும் விழுங்கினாரா என்று கேட்டோம். கன்னத்தில் பார்க்க மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடினார்.